கடைசி பஸ்ஸுக்கு முன்னால் பேசி முடிப்பது எப்படி: மலையில் முதல் பிரசன்டேஷன் செய்யப்போகிறவர்களுக்கு

நீலகிரியில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சாயங்காலம் நாலு மணி தாண்டினால் ஆட்களின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊர்களுக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. இருட்டிவிட்டால் வழியில் காட்டெருமை நிற்கும். காலையிலிருந்து தோட்டத்தில் நின்று, மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் இவர்கள் முன்னால்தான் நீங்கள் லேப்டாப்பைத் திறக்கப்போகிறீர்கள்.

சுய உதவிக் குழுவில் கணக்கு விளக்கப்போகும் பெண்கள், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கல்லூரி செமினாருக்குத் தயாராகிறவர்கள், சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டிருக்கும் புது ஊழியர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு ஊரை அறிமுகம் செய்யப்போகும் இளைஞர்கள் எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு அழகாக இருப்பது கடைசிக் கவலை. கேட்க வந்தவர் கையில் எதையாவது பிடித்துப் பார்த்தாரா, வாய் திறந்து எதையாவது சொன்னாரா, இருக்கையை விட்டு ஒரு தடவையாவது எழுந்தாரா என்று பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு ஞாபகம் இருக்கப்போவது அதுதான்.

முதலில் கூடத்தைப் போய்ப் பாருங்கள்

முந்தின நாளே முடிந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவாவது போய்விடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது? மேற்குப் பக்கம் என்றால் மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும். சமுதாயக்கூடங்களில் திரைச்சீலை இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான கூடத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போட்டால் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்ட் எத்தனை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எட்டுமா, புரொஜெக்டரில் இருப்பது பழைய விஜிஏ சொருகியா, ஹெச்டிஎம்ஐயா என்பதையெல்லாம் வாயால் கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். நீங்களே சொருகிப் பார்த்துவிடுங்கள்.

மலைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. குளிரில் கிடந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த கூடத்துக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படிந்து படம் மங்கும். அரை மணி நேரம் முன்னதாக உள்ளே வைத்துவிட்டால் தானாகவே சரியாகிவிடும். சட்டை முனையால் துடைக்க வேண்டாம்.

அப்புறம், யார் வரப்போகிறார்கள் என்று கேளுங்கள். கோத்தகிரி, குந்தா பக்கம் என்றால் வீட்டில் படுகு பேசுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். கூடலூரில் மலையாளமும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழும் கலந்திருக்கும். கொடைக்கானல் மேல்மலையில் மலைப்பூண்டு விவசாயிகளாக இருக்கலாம். 2019-இல் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர்களிடம் போய்ச் செய்தி மாதிரி சொன்னால் சிரித்துவிடுவார்கள். அதே விஷயத்தை மதுரையிலிருந்து வந்த வியாபாரிகளிடம் சொன்னால் காது கொடுப்பார்கள். ஒரு தகவல் சுவையானதா என்பதைக் கேட்கிறவர்தான் தீர்மானிக்கிறார்.

ஒரே வாக்கியம்

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "மீட்டிங்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் உங்கள் பேச்சைக் கேட்டவர் சொல்ல வேண்டிய பதில் அது. "தேயிலைத் தர மேம்பாடு: ஓர் அறிமுகம்" என்பது வாக்கியமே கிடையாது, தலைப்பு. "ஒருத்தர் முற்றின இலையைப் போட்டாலும் ஃபேக்டரியில் எல்லார் இலையோடும்தான் கலக்கும், விலை எல்லாருக்கும்தான் குறையும்" என்பது வாக்கியம். அதைக் கேட்டவர் ஒத்துக்கொள்ளலாம், சண்டைக்கு வரலாம். தலைப்போடு யாரும் சண்டை போட முடியாது, அதனாலேயே யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இந்த வாக்கியத்துக்கு உதவாத எந்த ஸ்லைடையும் எடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் வரலாறு, அமைப்பு விளக்கப்படம், "எங்கள் தொலைநோக்கு" இவையெல்லாம்தான் முதலில் போக வேண்டியவை. மேலதிகாரி கேட்டால் கடைசியில் தனியாக வைத்துக்கொள்ளலாம். கேட்க மாட்டார்.

பதிலைப் பின்னால் வைத்துக் கேள்வியை முன்னால் வையுங்கள்

விடுகதை சொல்லத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இந்த வித்தை தெரியும். முதலில் முடிச்சைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தவிக்க விடுவார்கள். பேச்சுக்கும் அதே ஒழுங்குதான். "ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு எத்தனை கிலோ பச்சை இலை வேணும்?" என்று சமவெளியிலிருந்து வந்த பயணிகளிடம் கேளுங்கள். ஒன்றரை, இரண்டு, பத்து என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள், உடனே பதில் சொல்லாதீர்கள். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்று விளக்கிக்கொண்டே போய், நாலு முதல் நாலரை கிலோ வரை ஆகும் என்று கடைசியில் சொன்னால், ஏற்கெனவே ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் கவனமாகக் கேட்டிருப்பார்கள்.

இதே கேள்வியைத் தேயிலை விவசாயிகளிடம் கேட்டுவிடாதீர்கள். பதில் அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவர்களுக்கு வேறு கேள்வி வேண்டும்: "இன்னைக்கு வந்த மூட்டைகள்ல நல்ல கொழுந்து எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? நூத்துக்கு எத்தனை?"

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஊட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? புத்தகத்தில் படித்த 100-ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். கெட்டிலில் தண்ணீர் வைத்துத் தெர்மாமீட்டரை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் 92, 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். வீட்டில் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, அம்மா குக்கரை ஏன் விடுவதில்லை என்று பிள்ளைகளே ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் காற்றழுத்தத்துக்குள் போகலாம்.

கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் பேசுகிறவருக்குத்தான் கஷ்டமாக இருக்கும், கேட்கிறவர் யோசித்துக்கொண்டிருப்பார். பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். கிருபானந்த வாரியார் சொற்பொழிவுக்கு நடுவில் முன்வரிசைக் குழந்தைகளிடம்தான் கேள்வி கேட்பார். குழந்தை தப்பாகச் சொன்னால் யாருக்கும் மானம் போகாது, பின்னால் இருக்கும் பெரியவர்களும் மனசுக்குள் பதில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் கூட்டத்திலும் நாலு குழந்தைகள் அம்மாவோடு வந்திருப்பார்கள். பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு பொருள்

1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அடுத்த மாதம் தொலைக்காட்சி கேமராக்கள் முன்னால் ஒரு காரியம் செய்தார். ராக்கெட்டின் இணைப்பில் போடும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கிடுக்கியால் இறுக்கி, மேசையிலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்தார். வெளியே எடுத்துக் கிடுக்கியைக் கழற்றியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ராக்கெட் கிளம்பிய காலை கடும் குளிர். அந்தக் குளிரில்தான் வளையம் விறைத்து இணைப்பை அடைக்காமல் போனது. பல நாள் வாதங்களில் புரியாதது ஒரு டம்ளர் தண்ணீரில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்த விசாரணை அறிக்கையைப் படித்தவர்கள் குறைவு. அந்த டம்ளர் இன்னும் பேசப்படுகிறது.

உங்கள் டம்ளர் எது என்று யோசியுங்கள். தேயிலைக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இலைத் தரம் பற்றி வட்டப்படம், பட்டைப்படம் எல்லாம் வேண்டாம். அன்று வந்த மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கலந்து, ஒவ்வொரு குழுவுக்கும் 200 கிராம் கொடுங்கள். கீழே ஒரு வெள்ளைத் துணி. இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பதை ஒரு பக்கம், முற்றியதை ஒரு பக்கம் அவர்களே பிரிக்கட்டும். சந்தேகமாக இருக்கும் தண்டை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளசு பட்டென்று ஒடியும், முற்றினது நாராக வளையும். இதில் கொழுந்து பறிக்கிற அக்காமார்களின் விரல் வேகத்துக்கு முன்னால் உங்கள் பட்டப்படிப்பு நிற்காது, அதனால் அவர்களையே நடுவராக வையுங்கள். பிரித்து முடித்ததும் சமையலறைத் தராசில் இரண்டு குவியலையும் நிறுத்து, எண்ணைப் பலகையில் எழுதுங்கள். முதலில் அவர்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பத்து நிமிஷம் ஆகும். கூடம் சந்தைக்கடை ஆகிவிடும், ஆகட்டும். தரம் குறைந்திருக்கிறது என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை, தராசு சொல்லிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: யாராவது ஒரு விவசாயியின் மூட்டையைத் தனியாகப் பிரித்துக் காட்டாதீர்கள். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவருக்கு உங்கள் பாடம் ஞாபகம் இருக்காது, நீங்கள்தான் ஞாபகம் இருப்பீர்கள்.

பொருள் கொண்டுவரும்போது காட்டுக்குள் போய்ச் செடியையோ பூவையோ பறித்து வராதீர்கள், காப்புக்காட்டில் அது குற்றம். சோலை பற்றிப் பேச வேண்டுமானால் படம் போதும். பொருளைச் சுற்றுக்கு விடும்போது முக்கியமான விஷயத்தைப் பேசாதீர்கள். தட்டு எங்கே வருகிறது என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எண்ணை உடம்புக்குக் கொண்டுவருவது

மலை ரயிலைப் பற்றிச் சுற்றுலா ஆட்கள் பேசும்போது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை, நீளம் சுமார் 46 கிலோமீட்டர், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். எல்லாம் சரிதான், அடுத்த நிமிஷமே எல்லாம் மறந்தும் போகும். இதற்குப் பதில் பன்னிரண்டு அடிக் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைத் தரையில் ஒருவர் பிடிக்கட்டும், மறு முனையை இன்னொருவர் ஒரு அடி ஸ்கேல் உயரத்துக்குத் தூக்கட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மிகச் செங்குத்தான இடத்தில் பாதை ஏறக்குறைய இந்தச் சாய்வில்தான் ஏறுகிறது, பன்னிரண்டுக்கு ஒன்று. பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். வழுக்கும் இரும்புச் சக்கரம் வழுக்கும் இரும்புத் தண்டவாளத்தில் இதை ஏற முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தின் படத்தைக் காட்டுங்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே வருகிறது என்பது அந்தக் கயிற்றோடு சேர்ந்து மனசில் உட்காரும்.

குறிஞ்சிக்கு இன்னும் சுலபம். குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலக்கணக்கு. நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு. 2006, 2018, அடுத்தது 2030. "2018-ல பார்த்தவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லுங்கள். "2006-லயும் பார்த்தவங்க எழுந்து நில்லுங்க." அப்புறம் எல்லாரையும் 2030-இல் தங்கள் வயது என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கூடம் கலகலவென்று ஆகிவிடும். புல்வெளி போனால் இந்தப் பூ எங்கே பூக்கும், சீகை மரமும் பைன் மரமும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று அந்த நேரத்தில் சொன்னால், தன் வயதோடு சேர்த்துக் கேட்பார்கள். கொடைக்கானலில் பேசினாலும் ஊட்டியில் பேசினாலும் இது எடுபடும்.

இடம் பற்றிய பேச்சு என்றால் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைபடம் போடலாம். நீலக் கயிறு ஒன்றை மோயாறாக விட்டு, அது பவானிசாகரில் பவானியோடு சேரும் இடம் வரை நீட்டி, ஒவ்வொருவரையும் அவரவர் ஊரில் போய் நிற்கச் சொன்னால், மேலே நிற்பவர் கொட்டும் குப்பை யார் காலடிக்குப் போகிறது என்பதை விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது ஸ்லைடுக்கு வரலாம்

குறைவாகச் சொன்னால் போதும். ஒரு ஸ்லைடில் ஒரு படம், அதிகபட்சம் ஏழெட்டு வார்த்தை. திரையில் இருப்பதையே நீங்களும் வாசித்தால் கேட்கிறவருக்கு இரண்டும் ஏறாது. தொழில் தொடங்குகிறவர்களுக்காக எழுதும் அமெரிக்கர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன ஒரு கணக்கு உண்டு: பத்து ஸ்லைடு, இருபது நிமிஷம், எழுத்து முப்பது பாயிண்டுக்குக் குறையாமல். தமிழுக்கு முப்பதும் போதாது என்பது என் எண்ணம். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருக்கின்றன, முப்பத்தாறாவது வையுங்கள். இணையத்திலிருந்து எடுத்த ஸ்விட்சர்லாந்து மலைப் படம் எதற்கு? போனில் எடுத்த உங்கள் ஊர் ரோட்டுப் படம் போதும். "அட, இது நம்ம வளைவு" என்று ஒருவர் சொன்னாலே கூட்டம் உங்கள் பக்கம். ஆனால் ஆட்களின் முகம் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய்க் கேட்காமல் எடுத்த படத்தைத் திரையில் காட்டுவது மரியாதை இல்லை.

எழுத்துரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள், முதல் தடவை பேசுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அது இல்லாத வேறு லேப்டாப்பில் திறக்கும்போது தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். நிர்மலா யூஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ், எதுவானாலும் சரி. பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதி. இரண்டையும் பென் டிரைவிலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ இருந்தால் இறக்கிக் கொண்டுபோங்கள், பள்ளத்தாக்கு ஊர்களில் நெட்வொர்க்கை நம்பி யூடியூப் இணைப்போடு போகாதீர்கள்.

பேசும்போது கீபோர்டில் 'B' எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும். இதைப் போல உபயோகமான பொத்தான் வேறு இல்லை. தராசு, கயிறு என்று ஏதாவது நடக்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம், யாராவது "அந்தப் படத்தை மறுபடி காட்டுங்க" என்றால் பின்னாடியே ஓட வேண்டாம்.

மழை வந்தால், கரண்ட் போனால்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தகர ஷீட் கூரைக்குக் கீழே பேசுவதாக இருந்தால் மைக்கும் உதவாத நேரம் வரும். மழையோடு போட்டி போட்டுக் கத்தாதீர்கள். அதற்கென்றே ஒரு வேலையை முன்கூட்டி வைத்திருங்கள்: இலை பிரிப்பது, சீட்டில் கேள்வி எழுதுவது, தரை வரைபடம். கரண்ட் போனாலும் அதேதான். முக்கியமான நாலு படங்களைப் பெரிய அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனால் புரொஜெக்டரே தேவைப்படாது. உண்மையைச் சொன்னால், அட்டையோடு பேசியவர்கள் திரையோடு பேசியவர்களைவிட நன்றாகப் பேசியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதுகைக் காட்டித் திரையை வாசிக்க முடியாதே.

தனியாகப் பேச நடுக்கமாக இருந்தால் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர் வெறும் தலையாட்டி இல்லை, கூட்டத்தின் சந்தேகத்தை அவர்தான் கேட்கிறார். "அதெல்லாம் சரி, விலை ஏறுமா?" என்று உங்கள் கூட்டாளி கேட்டுவிட்டால், கேட்கத் தயங்கியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நேரமும் முடிவும்

வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, போனில் நேரம் பார்த்துப் பேசுங்கள். மனசுக்குள் பேசிப் பார்ப்பது கணக்கில் சேராது. டெட் (TED) என்கிற புகழ்பெற்ற பேச்சு மேடையில் 18 நிமிஷத்துக்கு மேல் விடுவதில்லை. 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் இருபது படம், படத்துக்கு இருபது விநாடி, ஆறு நிமிஷம் நாற்பது விநாடியில் ஆட்டம் முடிந்தது. கல்லூரி செமினாருக்கு இது அருமையான பயிற்சி, வளவளவென்று பேசுகிற பழக்கம் தானாகப் போய்விடும். உங்களுக்கு அரை மணி கொடுத்திருந்தால் இருபது நிமிஷத்துக்குத் தயார் செய்யுங்கள். தலைமை விருந்தினர் மீதியைச் சாப்பிட்டுவிடுவார். விருந்தினர் கீழேயிருந்து வருகிறார் என்றால், மலைக்கு வண்டியில் வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டாரா என்று முந்தின நாளே ஞாபகப்படுத்துங்கள். 2024 மே மாதத்தில் இது நடைமுறைக்கு வந்த பிறகு, மேடையில் காலி நாற்காலியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் கூட்டங்களும் உண்டு.

கேள்வி நேரத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். கடைசிக் கேள்வி பெரும்பாலும் ரோடு போடாததைப் பற்றியோ, காட்டுப்பன்றியைப் பற்றியோ இருக்கும், கூட்டம் அந்த நினைப்போடு கலைந்துவிடும். கேள்விகளை முடித்துவிட்டு இரண்டு நிமிஷம் உங்களுக்கு வைத்துக்கொண்டு அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துங்கள். "நன்றி" என்று பூங்கொத்துப் படம் போட்ட ஸ்லைடு வேண்டாம். அந்த இடத்தில் அவர்கள் செய்ய வேண்டியதைப் போடுங்கள்: எந்தத் தேதி, எங்கே வர வேண்டும், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எல்லாரும் எழுந்து போகும் வரை அது திரையிலேயே இருக்கட்டும். கையில் கொடுப்பதானால் ஒரு பக்கத் தாள் போதும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை உள்ள மாவட்டத்தில், சுற்றுச்சூழல் பற்றிப் பேசிவிட்டு அதைச் செய்தால் அதுதான் உங்கள் பிரசன்டேஷனில் எல்லாருக்கும் மறக்காத பகுதியாக இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, கூட்டத்தை ஏற்பாடு செய்தவருக்கு ஒரு போன் போடுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்பார். "வந்தவங்க அப்புறம் என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேளுங்கள். தராசைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்றால் அந்தப் பகுதியை அடுத்த ஊருக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். டீயும் வடையும் நன்றாக இருந்தது என்று மட்டும் பதில் வந்தால், ஸ்லைடைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். துண்டுச் சீட்டை எடுத்து வாக்கியத்தைத் திருத்துங்கள்.